கரி ஊர்த் தோழனைக் காகிதத்தில் பிடிப்பது

தென்னாப்பிரிக்காவில், வடக்கு நேட்டாலின் நிலக்கரி ஊர்களில், டண்டீயோ நியூகாசிலோ டான்ஹவுசரோ, எந்தத் தெருவை எடுத்தாலும் அங்கே ஒரு பயல் இருந்திருப்பான். எல்லாச் சைக்கிளும் அவன் வீட்டு வேலியில்தான் சாய்ந்திருக்கும். அவன் வராமல் ஆட்டம் தொடங்காது. பெரியவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே தட்டில் சோறு போடுவார்கள். இன்று அவனுக்கு எழுபது தாண்டியிருக்கும், அல்லது போய்ச் சேர்ந்திருப்பான். பதினாறாம் நாள் கருமாதிக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய சேக்காளி ஒருவர் பேனாவை எடுப்பார். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்தால் ‘கலகலப்பானவர், எல்லோருக்கும் உதவுபவர், சிரித்த முகம்’ என்றிருக்கும். பெயரை மட்டும் மாற்றி அடுத்த தெருக்காரருக்கும் அதையே வாசித்துவிடலாம்.

இப்படிப்பட்ட ஆளை எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் நடந்த கதையெல்லாம் அவன் தலையில் வந்து விழும். வேறு யாரோ செய்த குறும்பு, பக்கத்து ஊரில் நடந்த சண்டை, அண்ணன் சொன்ன பதிலடி எல்லாம் ஐம்பது வருஷத்தில் அவன் கணக்கில் ஏறியிருக்கும். நல்லவேளையாக, சுரங்க ஊர் கணக்கு வைத்த ஊர். சங்கு ஊதும் நேரம், ஷிப்ட், கம்பெனி வீட்டின் எண், விளக்கு வில்லை, ரயில் பக்கவழி என்று எதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. வந்த கதையை அந்த ஒழுங்கோடு ஒட்டிப் பார்த்தால் எது அவனுடையது, எது அவன்மேல் ஏற்றியது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் அப்பாவின் வேலையைப் பாருங்கள். ‘மைனில் வேலை’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள், ஒரு பகுதியினர் கரிச்சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். 1911இல் ஆள் வருவது நின்ற பிறகு நிலத்தடி வேலையில் நம்மவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஆகவே 1950 வாக்கில் பிறந்த ஒருவனின் அப்பா கரி வெட்டினார் என்று எழுதும் முன் விசாரிக்க வேண்டும். விளக்கறை, கொதிகலன், கரி கழுவும் ஆலை, கம்பெனி ஆஸ்பத்திரிச் சமையலறை எல்லாமே ‘மைன் வேலை’தான். ரயில்வேக்காரரும் காய்கறி வண்டிக்காரரும்கூட ‘மைனில் இருந்தார்’ ஆகிவிடுவது உண்டு.

ஜோகானஸ்பர்க் பக்கத்து ஊர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே தங்கச் சுரங்கங்கள் இறக்கியது ஆப்பிரிக்கத் தொழிலாளரை, 1904இலிருந்து சில வருஷம் சீனர்களையும். தமிழர்களுக்கு அங்கே கடை, சலவை, காய்கறிக் கூடை, ஓட்டல் வேலை. தங்கச் சுரங்கத்தில் ஆழமான நேர்குழி, கூண்டில் இறங்க வேண்டும். வடக்கு நேட்டாலின் கரிச்சுரங்கங்கள் பல மலைச்சரிவில் வாய் திறந்தவை, சரிவுப் பாதையில் உள்ளே போகலாம். ‘அப்பாவோடு கூண்டில் இறங்கினான்’ என்று யாராவது சொன்னால் எந்தச் சுரங்கம் என்று கேளுங்கள்.

வாயுவை அறியக் கூண்டுக்குள் கானரிக் குருவி வைத்த கதையும் பெரும்பாலும் சினிமா பார்த்து ஏறிய நினைவு. இங்கே வாயு பார்த்தது சுடர் விளக்கில். திரியைத் தணித்துக் கூரைப் பக்கம் பிடித்தால், மீத்தேன் இருக்கும் இடத்தில் சுடரின் தலையில் வெளிர் நீலத் தொப்பி ஒன்று ஏறும். தொப்பி உயர உயர வாயு அதிகம். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். அப்படிப்பட்ட விளக்கை யாரும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஷிப்ட் முடிந்ததும் விளக்கறையில் திருப்ப வேண்டும், எண் பொறித்த வில்லையை வைத்து ஆள் கணக்கு சரிபார்ப்பார்கள். ‘விளக்கைக் கொண்டுவந்து எங்களுக்கு ஏற்றிக் காட்டினான்’ என்ற கதை வந்தால் அது பொய் என்று தள்ளவும் வேண்டாம். விளக்கறைக்காரரை எப்படிச் சரிக்கட்டினான் என்று கேளுங்கள். அவன் சாமர்த்தியம் அந்தப் பதிலில்தான் இருக்கும்.

கரிக்கழிவு மேட்டுக் கதை இல்லாமல் இந்த ஊர்ப் பிள்ளைகளின் பேச்சு முடியாது. கழுவி எடுத்த கரி ரயிலேறிப் போகும், கல்லும் தாழ்ந்த கரியும் கந்தகம் கலந்த துண்டுகளும் மேடாகக் குவியும். காற்றுப் பட்டு அது தானே சூடேறும், உள்ளுக்குள் தீப்பிடிக்கும், வருஷக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். பார்க்கச் சாம்பல் நிறத்தில் கெட்டியான ஓடு. கீழே வெந்து போன பொந்து. மேலே கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கிவிடும், வெந்த கால் ஆற மாதக்கணக்காகும். மழை பெய்த மறுநாள் எந்த இடத்தில் ஆவி எழுகிறது என்று பார்த்து, ஆவி வராத வழியாக ஏறுவார்கள். உச்சியில் அழுகின முட்டை வாடை. ‘மேட்டில் ஏறினான், பயமே இல்லை’ என்று எழுதுவதில் பிரயோசனமில்லை. எந்தப் பக்கமாக ஏறினான், முன்னால் கம்பால் தட்டிப் பார்த்தானா, சின்னப் பிள்ளைகளைக் கீழே நிற்க வைத்தானா, இல்லை அவர்களை முன்னே விட்டானா? ஒருவன் தலைவனா, வெறும் வாய்ச்சவடாலா என்பதற்கு அந்தக் கடைசிக் கேள்வி போதும். தயங்காமல் கேளுங்கள். இறந்தவரைப் பற்றி அப்படிக் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால் ஒருவனை அறிய இந்த ஊர்களில் சீட்டுக்கட்டை விடச் சிறந்த சாட்சி கிடையாது. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் கூடும் இடத்திலெல்லாம் துன்னி ஆடுவார்கள். கல்யாண வீடு, காவடிக்கு முந்தின இரவு, சாவு வீட்டுத் திண்ணை எதுவும் விலக்கில்லை. யாழ்ப்பாணத்து முன்னூற்றிநாலு ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும், கிட்டத்தட்ட அதன் உடன்பிறப்பு. ஒன்பதிலிருந்து ஏஸ் வரை 24 சீட்டு. நான்கு பேர், எதிரெதிர் உட்காருபவர்கள் ஜோடி, ஆளுக்கு ஆறு சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு 76, நான்கும் சேர்ந்து 304. கடைசிப் பிடிக்கு இன்னொரு 10. முதலில் நான்கு சீட்டு போடுவார்கள், அதைப் பார்த்துத் துருப்பு முடிவாகும், பிறகுதான் மீதி இரண்டு. துருப்பு சொன்ன பக்கத்தை எதிர்த்து மற்றவர்கள் 105 எண்ணிவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. மதிப்பெண்ணுக்குப் பந்து என்று பெயர், பன்னிரண்டு பந்து சேர்ப்பவர் வெற்றி. ஊருக்கு ஊர் சில்லறை விதிகள் மாறும், அதை வைத்தே ஆள் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ‘துன்னி’ என்று அழைக்கலாம். ஆறு பிடியையும் நானே எடுக்கிறேன் என்று அர்த்தம். ஜெயித்தால் நான்கு பந்து. ஒரு பிடி கைநழுவினாலும் போச்சு, எதிரே இருக்கும் சொந்தக் கூட்டாளி எடுத்துவிட்டாலும் போச்சு. அதனால் துன்னி அழைத்தவனைவிடக் கூட்டாளிக்குத்தான் வேர்க்கும். கையிலிருக்கும் பெரிய சீட்டை எப்போது கழிப்பது, எதை ஒளிப்பது என்று அவன் தவிப்பான். இங்கேதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அவன் எப்போது துன்னி அழைப்பான்? கையில் ஜாக்கியும் ஒன்பதும் ஏஸும் வந்த பிறகா, இல்லை பத்துப் பந்து பின்தங்கி, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையிலா? கூட்டாளி கெடுத்துவிட்டால் என்ன சொல்வான்? ராஜா ராணி ஜோடி கையில் இருந்தும் சொல்ல மறந்தவனை விட்டுவிடுவானா, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பானா? சீட்டைக் குலுக்கும்போது பேச்சுக் கொடுப்பானா? மேசையில் சீட்டை அடித்து வைப்பானா, நழுவ விடுவானா? பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த தங்கச்சிகளுக்கு இதெல்லாம் ஆடியவர்களைவிட நன்றாக நினைவிருக்கும்.

அடுத்தது கம்பிக்கார். தென்னாப்பிரிக்காவில் எந்த இனத்துப் பிள்ளையும் கையால் செய்த சாமான் இது. தடித்த கம்பியில் சட்டம், மெல்லிய கம்பியால் மூட்டுக் கட்டு, பாலிஷ் டப்பா மூடியில் சக்கரம். முன் அச்சிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளக் கம்பி வந்து வட்டமாக முடியும், அதுதான் ஸ்டியரிங், நடந்துகொண்டே ஓட்டலாம். கெட்டுப்போவது மூன்று இடத்தில். மூடியின் துளை நடுவில் இல்லாவிட்டால் வண்டி நொண்டும். அச்சின் நுனியை மடக்காவிட்டால் சக்கரம் கழன்று ஓடும். முன் அச்சை இறுக்கிக் கட்டிவிட்டால் திரும்பாது, தளர விட்டால் ஆடும். அந்த மூட்டுக்குச் சைக்கிள் டியூப்பின் ரப்பர் பட்டையைச் சுற்றுவது கெட்டிக்காரப் பையன்களின் வேலை. கம்பி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்: வேலிக் கம்பியா, துணி மாட்டியா, வெடி வைத்த இடத்தில் எஞ்சிக் கிடந்த வண்ண உறைக் கம்பியா? பதிலில் ஒரு குடும்பத்தின் நிலவரமே தெரிந்துவிடும். செய்து முடித்த காரை அவன் வைத்துக்கொண்டானா, யாருக்குக் கொடுத்தான் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

வீட்டு விஷயம் சுருக்கமாக. கம்பெனி வீடு வேலையோடு போகும். சுரங்கம் மூடினால் வீதியே காலியாகும். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து மிச்சத்தையும் கலைத்தது. நியூகாசிலில் லெனாக்ஸ்டன் போல இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இடங்களில் போய்ச் சேர்ந்தவர்கள் பழைய வீட்டையும் புதிய வீட்டையும் நினைவில் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கதைக்கும் ‘அப்போது எந்த வீடு?’ என்று கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டால் வருஷம் தானே விழுந்துவிடும். டோவர் கரியடுப்பு இருந்த வீடா, மின் அடுப்பு வந்த வீடா என்பதும் நல்ல அடையாளம்.

பெயரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்தப் பயல்களுக்கு மூன்று பெயர்: பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று. மூன்றையும் வாங்காமல் தேடப் போகாதீர்கள். கப்பல் பதிவேட்டில் ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும்தான். பிறகு குமாஸ்தா அண்ணனுக்குத் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கினார், தம்பிக்கு ஜாதிப் பட்டத்தைக் குடும்பப் பெயராக்கினார். கூடப் பிறந்தவர்களுக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருப்பது சகஜம். எழுத்துக்கூட்டலோ கேட்கவே வேண்டாம். முனுசாமி மூன்சாமி ஆவார், பெருமாள் பெர்மால் ஆவார். தேடும்போது காதால் கேட்டு எழுதிய வெள்ளைக்காரக் குமாஸ்தாவாக மாறி நான்கைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

முன்னோரைத் தேட உண்மையான சாவி ஒப்பந்த எண். பழைய பிறப்பு, கல்யாணப் பதிவுகளில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் கிடைத்தால் கப்பல், வந்த தேதி, வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை பதிவேட்டில் இருக்கும். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். தோழனின் பெற்றோர் பற்றி அறியப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலுள்ள, இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் உதவும். அதிலுள்ள மரண அறிவிப்புப் படிவத்தில் பிறந்த இடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் இருக்கும். நிரப்பியவர் துக்கத்தில் இருந்தவர் என்பதை மறக்காதீர்கள். வயதும் ஊரும் தவறாக இருப்பது உண்டு, வேறொரு காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். டண்டீயில் தலானா அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், சுரங்கக் கருவிகளை நேரில் பார்த்தால் கதை சொல்பவரின் கை அசைவு புரியும்.

இனி எல்லோரும் சொல்லும் ஒரு கதை: ‘அவன் தாத்தா காந்தியோடு நடந்தவர்.’ இருக்கலாம். 1913 அக்டோபரில், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள்மேல் விதித்த 3 பவுண்டு வரியை எதிர்த்து நியூகாசில் கரிச்சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜோகானஸ்பர்க்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ப் பேசித்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். நவம்பர் 6ஆம் தேதி ட்ரான்ஸ்வால் எல்லை தாண்டிய நடைப்பயணத்தில் காந்தியின் கணக்குப்படி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். நவம்பர் 10ஆம் தேதி பால்ஃபரில் நிறுத்தி ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள், சுரங்கக் காம்பவுண்டுகளையே சிறையாக அறிவித்தார்கள். ஆகவே தாத்தா அப்போது எந்தச் சுரங்கத்தில், எந்த எஜமானிடம் இருந்தார் என்பது தெரிந்தால் பாதி சோதனை முடிந்தது. கரும்புத் தோட்டக் கரையில் இருந்தவர் என்றால் அவர் வேலைநிறுத்தம் செய்திருப்பார், எல்லை வரை நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதையும் பெருமையாகவே எழுதலாம், இல்லாத நடையைச் சேர்க்க வேண்டியதில்லை.

தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 1898இல் ஜோகானஸ்பர்க்கில், தங்கச் சுரங்க நகரத்தில் பிறந்த பெண். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தபோது வயது 16. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவள் பெயர். பள்ளிப் புத்தகத்தில் நமக்குக் கிடைப்பது போர்வை சுற்றிய மெலிந்த உடம்பும், மறுபடி சிறை போகத் தயார் என்ற பதிலும்தான். அந்தத் தெருவில் அவள் யாரோடு விளையாடினாள், எதற்குச் சிரித்தாள் என்பதற்கெல்லாம் வீரப்பெண் படத்தில் இடம் வைக்கவில்லை. தியாகிக்கே இந்தக் கதி என்றால் தெருப்பயலின் கதையில் எதை முதலில் எழுதிவைக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது? ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் ‘நல்ல மனுஷன்’ என்று வரும், அதோடு கதவு மூடிவிடும். ‘ஆயா, அவங்க வீட்ல கரி எங்க கொட்டி வைப்பாங்க?’ என்று தொடங்குங்கள். கொல்லைப்புறம், கரிக்கொட்டகை, அங்கே ஒளிந்து சுருட்டுப் பிடித்த கதை, பின்னால் துரத்திய அம்மா என்று தானாக வரும். முதல் முறை ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள், பிறகு இருவரைச் சேர்த்து உட்கார வையுங்கள். முதலிலேயே கூட்டமாகக் கேட்டால் குரல் பெரியவர் சொல்வதே எல்லோருடைய நினைவுமாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வயதானவர்கள் களைத்தால் உங்களைத் திருப்திப்படுத்தவே பதில் சொல்வார்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கோப்பை வைக்கும் ஒவ்வொரு சத்தமும் இடியாக விழும். பிரிட்ஜ் இரையும் சமையலறையும் டிவி சீரியல் ஓடும் கூடமும் ஆகாது. ஒரு நிமிஷம் பதிந்து கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். அன்றிரவே இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஒட்டிப்போனது கிழியும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். தனியாக இருக்கும் படமானால் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், ஸ்டூடியோ முத்திரையும் யாரோ எழுதிய வருஷமும் அங்கேதான் இருக்கும்.

அவன் பேச்சை அவன் பேசியபடியே எழுதுங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் சூலு, சுரங்க வாசலில் ஃபனகலோ என்ற கலப்பு மொழி. நான்கையும் ஒரே மூச்சில் கலந்து ஆளுக்கேற்றபடி மாற்றிப் பேசுவதில்தான் இவன்களில் பாதிப்பேருடைய கவர்ச்சியே இருந்தது. அதைச் செந்தமிழில் சலவை செய்துவிட்டால் எஞ்சுவது வேறு ஆள். சூலு சொற்களைத் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள், காதுக்குக் கேட்டபடி எழுதினால் சில இடத்தில் அர்த்தமே விபரீதமாகும்.

வரைவை முதலில் காட்ட வேண்டியது மனைவியிடம் அல்ல, அவர் அந்த வயதில் அவனைப் பார்த்தவர் இல்லை. கூடப் பிறந்த அக்கா தங்கை இருந்தால் அவர்களிடம். அவர்கள் ‘அது இவன் இல்லை, மூணாவது வீட்டுப் பையன்’ என்று ஒரு கதையையாவது வெட்டுவார்கள், வாதாடாமல் வெட்டுங்கள். அதன் பிறகு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். துன்னியில் ஏமாற்றினான், கடன் வைத்தான் என்பது போன்றவற்றை அவர்கள் நீக்கச் சொன்னால் அச்சில் நீக்கிவிட்டு ஒலிப்பதிவை மட்டும் பத்திரமாக வையுங்கள். மலரை அச்சிடும்போது எழுத்தளவு 14க்குக் குறைய வேண்டாம், படிக்கப் போகிறவர்கள் எல்லோரும் கண்புரை அறுவை செய்தவர்கள். படத்துக்குக் கீழே நிற்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி, பெயர் தெரியாதவருக்கு ஒரு கோடு விட்டு வையுங்கள். கருமாதிக்கு வந்தவர்களில் யாராவது பேனா கேட்டு அதை நிரப்பித் தருவார்கள்.